புயல் ஓய்ந்த பின் நேரும் மரணங்கள்



ஒரு புயலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால், இரண்டு மூன்று நாளில் ஓர் எண் வந்துவிடும். சுவர் இடிந்து இறந்தவர், மரம் விழுந்து இறந்தவர், மின்கம்பியை மிதித்தவர், வெள்ளத்தில் போனவர் என்று கூட்டிச் சொல்வார்கள். செய்தித்தாளில் அந்த எண் அச்சானதும் கணக்கு முடிந்தது என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் ஏறாதவர்களைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா என்ற கடும்புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட நிலம் அது.  அரசு அறிவித்த இறப்பு 64. மாதக்கணக்கில் அந்த எண் மாறவில்லை. ஆனால் ஈமச்சடங்கு நடத்துகிறவர்கள் வேறு கணக்கு சொன்னார்கள்; பிணவறைகள் நிரம்பிக் கிடந்தன. கடைசியில் அந்த அரசே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. வழக்கமாக அந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை கூடுதலாக இறந்தவர்கள் 2,975 பேர் என்று வந்தது. அரசு தன் எண்ணைத் திருத்திக்கொண்டது.

64 எங்கே, 2,975 எங்கே! நடுவில் விடுபட்டுப்போனவர்கள் யார்? அதிக ஆபத்தில் இருந்தவர்கள் ஏழைகளும் 65 வயதைத் தாண்டிய ஆண்களும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, புயலுக்குப் பின் நேர்ந்த இறப்புகளில் சுமார் மூன்றில் ஒன்றுக்கு மருத்துவம் தாமதமானதோ தடைபட்டதோ காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். தீவு முழுக்க மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆனது. மின்சாரம் இல்லையென்றால் டயாலிசிஸ் இல்லை, மூச்சுக்கருவி ஓடாது, இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி இல்லை. சாலை அடைபட்டதால் ஆம்புலன்ஸ் வரவில்லை. இவர்களைக் கொன்றது காற்று அல்ல. பலர் காற்று அடங்கிப் பல வாரங்கள் கழித்துத்தான் இறந்தார்கள்.

இன்னொரு நாட்டுக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மொசாம்பிக். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. 2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் பெய்ரா என்ற துறைமுக நகரத்தை அடித்துப் போட்டது. அதோடு விடவில்லை. புசி, புங்வே ஆறுகள் கரை உடைத்து, உள்நாடே கடலானது போல் தண்ணீர் நின்றது. கூரைமேலும் மரத்தின்மேலும் நாள்கணக்கில் தொற்றிக்கொண்டிருந்தவர்களைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் மீட்டார்கள். மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். வீடிழந்து பள்ளிகளிலும் கூடாரங்களிலும் தங்கியவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். நகரத்தின் பெரிய மருத்துவமனையே சேதப்பட்டுக் கிடந்தது.

அங்கே எல்லோரும் பயந்தது காலராவுக்கு. பெய்ராவுக்குக் காலரா புதிதல்ல. பல ஆண்டுகளாக மழைக்காலத்தில் வந்து போகிற நோய். பயந்தபடியே மார்ச் 27 அன்று காலரா வந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. ஏப்ரல் 3-ஆம் தேதி வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அறிவிப்புக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு வாரம். அடுத்த ஆறு நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருந்து குடித்தார்கள். கடைசியில் காலரா கண்டவர்கள் ஏறத்தாழ 6,700 பேர். அதில் இறந்தவர்கள் 8 பேர்.

எட்டே பேர். சிகிச்சை கிடைக்காத இடத்தில் கடுமையான காலரா கண்டவர்களில் பாதிப்பேர் வரை இறந்துபோவார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

இது எப்படி நடந்தது? வெளிநாட்டு உதவி வந்தது, உண்மை. ஆனால் உதவி வருவதற்கு முன்பே சில காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. காலரா மருந்தை உலகப் பொதுக் கையிருப்பாகச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு 2013-இலேயே வந்துவிட்டது. கேட்டவுடன் அனுப்ப மருந்து இருந்தது. பெய்ரா மக்களுக்கும் அது அறியாத மருந்து அல்ல. அந்த நகரின் எஸ்துரோ என்ற பகுதியில் 2003 முடிந்து 2004 தொடங்கும் சமயத்திலேயே வாய்வழிக் காலரா மருந்தைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நோய் எந்தத் தெருவில் முதலில் தலைகாட்டும் என்று உள்ளூர் சுகாதார ஊழியர்களுக்குத் தெரியும். வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களுக்குத் தனி சிகிச்சை மையங்களை உடனே போட்டார்கள். அங்கே உயிரைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு.

அந்தக் கரைசலின் கதையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1970 நவம்பர் 12 அன்று அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைப் போலா புயல் தாக்கி மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். போன்காவ் ஊரின் முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே போனபோது நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். அவர் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. இதைக் கலந்து குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் அம்மாவிடமும் அக்காவிடமும் குவளையைக் கொடுத்து, குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில், இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அவருக்கு இந்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது 2023-இல். அதற்கு முந்தைய ஆண்டு அவர் காலமாகிவிட்டார். இன்று நம் அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு முகாமில் தன்னை நிரூபித்துக் காட்டிய மருந்து.

போலா புயலுக்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. ஆல்ஃபிரட் சோமர் என்ற இளம் மருத்துவர், டாக்காவின் காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர், சக மருத்துவர்களோடு பாதித்த ஊர்களுக்குப் போய் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். உயிர் தப்பியவர்களின் மார்பிலும் கைகளிலும் தொடையின் உட்புறத்திலும் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. இரவு முழுக்க அலை அடிக்க அடிக்க மரத்தைக் கட்டிப் பிடித்திருந்ததால் வந்த புண். பிடிக்க வலு இருந்தவர்கள் பிழைத்தார்கள். குழந்தைகளும் முதியவர்களும் பெண்களும் அதிகம் இறந்திருந்தார்கள். நடுவயது ஆண்கள்தான் அதிகம் தப்பியிருந்தார்கள். யார் இறந்தார்கள், யார் மிஞ்சினார்கள், மிஞ்சியவர்களுக்கு என்ன தேவை என்பது அந்தக் கணக்கெடுப்பால் தெரிந்தது. வெளியிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும் சாமான் பட்டியலை வைத்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. பேரிடர் மருத்துவத்தில் முதல் வேலை எண்ணுவது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதற்கு அந்தக் கணக்கெடுப்புதான் காரணம்.

இனி நம் காவிரி டெல்டாவுக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வேலையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கிற வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. செவிலியர் கையில் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணோடு பட்டியல் இருப்பதால்தான் அது முடிகிறது. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் இது; இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுதான். கஜாவுக்கு முன்பு வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தது. அத்தனை பெரிய அழிவுக்குப் பிறகும் காலரா போன்ற கொள்ளைநோய் எதுவும் முகாம்களை வாரிக்கொண்டு போகவில்லை. துப்புரவுப் பணியாளர்களும் சுகாதார ஆய்வாளர்களும் தண்ணீரைக் காத்தார்கள்.

ஆனாலும் அந்தச் சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு தவணை ஊசி போட்டிருந்தும் பரவியது. இதை இங்குள்ள மாணவர்கள் மறக்கக் கூடாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு தவணை போட்டாயிற்று என்பது தட்டம்மையைத் தடுக்கப் போதாது.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் சாய்ந்தால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பினார்கள். அப்படி அவசரத்தில் நிரப்பும்போது குளோரின் போடுவது விட்டுப்போகும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதைப் பொடியாகத் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, அடியில் சுண்ணாம்பு தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். பிறகு தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் அங்கே வரை போயிருக்கிறது. தொட்டிக்கு அடியில் இருக்கும் முதல் குழாயில் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவதால் பயனில்லை. நோய் வருவது கடைசி வீட்டில்.

அதே பிளீச்சிங் பவுடரைச் சாலையின் இரு பக்கமும் வெள்ளைக் கோடாகத் தூவுகிறோம். அமைச்சர் வருகிறார் என்றால் கோடு இன்னும் அடர்த்தியாக விழும். அதனால் எந்த நோயும் தடைபடுவதில்லை. தொட்டிக்குப் போக வேண்டிய மருந்து தெருவில் வீணாகிறது. சுகாதாரத் துறையில் பலருக்கும் இது தெரியும். கேட்டால், தூவாவிட்டால் எதுவுமே செய்யவில்லை என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று சொல்வார்கள். ஜனங்களுக்கு நாம் எடுத்துச் சொன்னால் புரியும். பிணங்களிலிருந்து கொள்ளைநோய் கிளம்பும் என்ற பயமும் இதே மாதிரிதான். புயலில் இறந்தவரின் உடல் காயத்தாலோ மூழ்கியோ உயிர் போன உடல். குடிநீரில் கலக்காதவரை அதனால் கொள்ளைநோய் வருவதில்லை. அந்தப் பயத்தால் அடையாளம் காணாமல், குடும்பத்தாரிடம் ஒப்படைக்காமல், அவசர அவசரமாகக் குழியில் போட்டு மூடுவது பெரிய அநியாயம். இறப்புச் சான்றிதழும் இல்லாமல் நிவாரணமும் கிடைக்காமல் அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் அலையும்.

அடுத்து, யாரும் மேடையில் பேசாத கழிப்பறை. உலக அளவில் நிவாரண அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஸ்ஃபியர் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். படுக்க மூன்றரை சதுர மீட்டர் இடம். இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. ஆண்களுக்கு ஒன்று கட்டினால் பெண்களுக்கு மூன்று. நம் முகாம்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும். பள்ளிக் கழிப்பறை பிள்ளைகளுக்குக் கட்டியது. ராத்திரியில் விளக்கு இருக்காது, தாழ்ப்பாள் இருக்காது, முட்டி வலிக்கிற கிழவிக்கு உட்கார்ந்து எழ வழி இருக்காது. முகாமில் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பிணியும் நிறுத்துகிறாள், மாதவிலக்கில் இருப்பவளும் நிறுத்துகிறாள். அதனால் வருகிற சிறுநீர்த் தொற்று எந்த மருத்துவ முகாமின் புள்ளிவிவரத்திலும் "புயல் பாதிப்பு" என்று பதிவாவதில்லை. ஒரு பல்பும் ஒரு தாழ்ப்பாளும் அதைத் தடுத்திருக்கும்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். ஒரு பள்ளிக்கூட முகாமில் ஒரு பாட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெற்று மாத்திரை அட்டையை எடுத்தார். பின்பக்கத்து எழுத்து நனைந்து அழிந்திருந்தது. "இந்தச் சின்ன மாத்திரதான் தம்பி, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சீட்டு, நோட்டு எல்லாம் தண்ணியோட போயிடுச்சு" என்றார். அவருக்கு முன் வந்தவர்களுக்குக் காய்ச்சல் மாத்திரையும் இருமல் டானிக்கும் புண்ணுக்குக் களிம்பும் கொடுத்து அனுப்பியிருந்தோம். அந்த மேசையில் இருந்தவை அவைதான். அவருக்குத் தேவைப்பட்டது சர்க்கரைக்கோ ரத்தக்கொதிப்புக்கோ அவர் தினம் சாப்பிடும் மாத்திரை. எது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அம்மாதிரி முதியவர்கள்தான் போர்ட்டோ ரிக்கோவில் கணக்கில் விடுபட்டுப்போனார்கள். மொசாம்பிக்கிலும் இதே கவலை வேறு வடிவத்தில் வந்தது. அங்கே பெரியவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தினமும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். வீட்டோடு மாத்திரையும் அட்டையும் போய்விட்டன. ஆகவே முகாம்களுக்குள் போய் அவர்களைத் தேட வேண்டியிருந்தது. காசநோய்க்கும் அதே கதி. மாத்திரையை நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். முகாமின் நெரிசலில் அது மற்றவர்களுக்கும் பரவும்.

தமிழ்நாட்டில் இதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் யார் வீட்டுக்கு எந்த மாத்திரை போகிறது என்பது எழுத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியல் கணினியில் மட்டும் இருந்தால் மின்சாரமும் சிக்னலும் போன அன்று பயன்படாது. புயல் எச்சரிக்கை வந்ததும் அதைக் காகிதத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முகாமிலும் வைக்க வேண்டும். ஒரு மாத மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைக் கர்ப்பிணிகளைப் போலவே முன்னதாக மின்சாரம் உள்ள ஊருக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்யத் தெரிந்த நமக்கு இதுவும் செய்யத் தெரியும்.

நோய்கள் வரும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். புயல் அடித்த இரண்டாம் நாளே மருத்துவக் குழுக்கள் வந்து குவியும். பத்தாம் நாள் முகாம் மூடும்; குழுக்கள் ஊர் திரும்பும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். டெங்குவுக்கு இன்னும் நாளாகும்: விழுந்த தென்னையின் குரும்பையிலும் மட்டையிலும், கூரைக்குப் பதில் கட்டிய தார்ப்பாயின் மடிப்பிலும் தண்ணீர் தேங்கி, கொசு முட்டையிட்டு, அது வளர்ந்து கடிக்க வேண்டுமே. வெறுங்காலோடு சேற்றில் இறங்கி மரம் அறுக்கிறவருக்குப் பாம்பும் ஆணியும் காத்திருக்கும். ஒரே இரவில் தோப்பெல்லாம் சாய்ந்து, வாங்கிய கடன் அப்படியே நிற்க, திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் விவசாயியின் மனதை யாரும் விசாரிப்பதில்லை. புதுத் தென்னை காய்க்க வருஷங்கள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே முகாம் மூடிய பிறகு குறைந்தது இரண்டு மாதம், வாரம் ஒருமுறையாவது செவிலியரும் மருத்துவரும் அந்தத் தெருக்களுக்குப் போய்வர வேண்டும். இதற்கு ஆள் போதாது என்பது உண்மை. ஒரு செவிலியர் பல ஊர்களைப் பார்க்கிறார். அவர் வீட்டுக் கூரையும் அதே புயலில்தான் போயிருக்கும். காலியிடங்களை நிரப்பாமல் பேரிடர் ஆயத்தம் என்று பேசுவதில் பொருளில்லை என்பதை அரசுக்கு இந்த மேடையிலிருந்தே சொல்கிறேன்.

எண்ணுவதைப் பற்றிச் சொன்னேன். அதையும் நாம் செய்யலாம். தமிழ்நாட்டில் இறப்புகள் ஏறத்தாழ எல்லாமே பதிவாகின்றன. புயல் பாதித்த ஒன்றியங்களில் அடுத்த ஆறு மாதத்தில் பதிவான இறப்புகளை முந்தைய ஐந்து ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால் போதும். எத்தனை பேர் கூடுதலாகப் போனார்கள், எந்த வயதில், எந்த ஊரில் என்று தெரிந்துவிடும். இதற்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வர வேண்டியதில்லை. நம் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகள் செய்யலாம். அந்த எண் வெளியே வந்தால், நிவாரணம் என்பது இடிந்த சுவருக்கும் விழுந்த மரத்துக்கும் மட்டும் தருவது என்ற நிலை மாறும்.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. இந்த ஆண்டு அந்தச் சபையில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நம் ஊர் முகாமாகப் போகிற பள்ளிக்கூடத்தில் எத்தனை கழிப்பறை தாழ்ப்பாளோடும் விளக்கோடும் இருக்கிறது? மின்சாரம் போனால் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் யாரிடமிருந்து, எத்தனை மணி நேரத்துக்குள் வரும்? தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பட்டியல் காகிதத்தில் யார் கையில் இருக்கிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, செவிலியரையும் தலைமை ஆசிரியரையும் டேங்க் ஆபரேட்டரையும் அதே கூட்டத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.